டெக்ஸாஸ் மேய்ச்சற் பண்ணைகளில் ஆப்பிரிக்க இரலை வளர்ப்பு

கால்நடை வளர்ப்பு என்றவுடன் மாடு, எருமை, ஆடு, கோழி ஆகியவையே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்ஸாஸ் ராஜ்யத்திலோ, ஆப்பிரிக்கப் பாலைவனங்களுக்கும் புல்வெளிகளுக்கும் உரிய இரலைகளை வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில் மாட்டுடனும் ஆட்டுடனும் சேர்த்து வளர்க்கும் குடும்பங்கள் பல உள்ளன. பிறந்த மண்ணிலேயே அழிந்துபோன ஒரு ஜாதி, கடல் கடந்து இப்பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் பெருகியது. அவ்வளர்ப்பின் முறைகளும், அதனால் விளைந்த நன்மை தீமைகளும், நம் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அதிலிருந்து அறியத்தக்க பாடங்களும் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

இரலைக்கும் மானுக்கும் வேற்றுமை

பேச்சு வழக்கில் இரண்டையும் மான் என்றே சொல்லி விடுகிறோம். புள்ளிமான், கடமான் முதலியவற்றின் கொம்பு கிளைத்து வளர்ந்து, காலந்தோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்போ மாட்டுக் கொம்பைப் போல உட்கூடுடையது, கிளைப்பதில்லை, ஆயுள் உள்ளவரை உதிர்வதுமில்லை. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் மேயும் நம் வெளிமான் உண்மையில் இரலை ஜாதியே. இரலை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாயாதி முறையானது. ஆகையால் அவை தின்னும் புல்லையே தின்கிறது. அவற்றுக்கு வரும் நோய்களிற் பலவும் இதற்கும் வருகின்றன. இவ்வளர்ப்பில் உள்ள வசதியும் தொல்லையும் பெரும்பாலும் இவ்வுறவிலிருந்தே தோன்றுகின்றன.

நிலமும் சீதோஷ்ணமும்

இத்தொழில் மிகுதியாக நடப்பது டெக்ஸாஸின் நடுப்பகுதியிலுள்ள எட்வர்ட்ஸ் பீடபூமியில். சுண்ணாம்புக் கல்மேல் மெல்லிய மண் படிந்த மேட்டு நிலம் அது. உழவுக்கு ஏற்ற இடம் குறைவு. ஓக், ஜூனிபர் மரங்களும், நம் சீமைக் கருவேலுக்கு நெருங்கிய இனமான மெஸ்கீட் மரமும், இடையிடையே புல்லும் வளர்கின்றன. மேற்கில் ஆண்டுக்குச் சுமார் 15 அங்குலமும் கிழக்கில் 30 அங்குலத்துக்கு மேலும் மழை பெய்யும். எனினும் அது நிச்சயமானதன்று. 1950 முதல் 1957 வரை நீடித்த வறட்சி அங்கே பல பண்ணைகளைக் குலைத்தது.

இக்குடும்பங்கள் பல தலைமுறைகளாக மாடு, செம்மறி, அங்கோரா வெள்ளாடு ஆகிய மூன்றையும் சேர்த்து மேய்த்து வந்தன. கம்பளிக்கும் அங்கோரா ரோமத்துக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கார் அளித்த உதவித்தொகை 1993இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தால் குறைக்கப்பட்டு, 1995உடன் நின்றது. ரோமத்தின் வருமானத்தை நம்பியிருந்தவர்கள், நிலத்தைத் துண்டுபோட்டு விற்பதா, வேறு வருமானம் தேடுவதா என்ற நிலைக்கு வந்தனர். முன்பே சிலர் விநோதத்துக்காக வைத்திருந்த அந்நியப் பிராணிகள், பலருக்குப் பிழைப்பாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிராணிகள் வந்த வரலாறு

முதலில் வந்தவை ஆப்பிரிக்கப் பிராணிகள் அல்ல. நம் நாட்டுப் பிராணிகளே. தென் டெக்ஸாஸிலுள்ள கிங் பண்ணையில் 1920களிலும் 1930களிலும் நீலகாய் விடப்பட்டது. எட்வர்ட்ஸ் பீடபூமிக்கு 1932இல் வெளிமான் வந்தது. அம்மந்தைகள் பெருகியபின், 1970ஆம் ஆண்டை ஒட்டி டெக்ஸாஸிலிருந்து வெளிமான்கள் பாகிஸ்தானிலுள்ள லால் சுஹான்ராவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே அந்த ஜாதி முன்பே அற்றுப் போயிருந்தது.

ஆப்பிரிக்க இரலைகள் மிருகக்காட்சி சாலைகளின் வழியாகப் பண்ணைகளுக்கு வந்தன. கோமாரி நோய் உள்ள நாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் அசைபோடும் காட்டுப் பிராணிகள், அங்கீகாரம் பெற்ற மிருகக்காட்சி சாலையிலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே பிறந்த குட்டிகளையே வெளியில் விற்கலாம். ஆகவே பண்ணைகளில் இருப்பவை அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வம்சங்கள். 1963இல் ராஜ்ய வனவிலங்கு இலாகா எடுத்த கணக்கில் அந்நியப் பிராணிகள் 13 ஜாதிகளாய், சுமார் 13,000 இருந்தன. 1990களின் நடுவில் ஜாதிகள் 70ஐ எட்டின. தொகை 2 லட்சத்தை நெருங்கியது.

வளர்க்கப்படும் ஜாதிகள்

(1) வளைவாள் கொம்பு ஓரிக்ஸ்: வெண்ணிற உடலும், செந்நிறக் கழுத்தும், பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பும் உடையது. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. எடை 300 ராத்தல் அளவு. முக்கியமாகப் புல் தின்பது. சினைக்காலம் எட்டு மாதத்துக்குச் சற்று மேல். இப்பண்ணைகளில் நன்றாகச் செழித்தவற்றுள் இதுவே முதன்மையானது.

(2) அடாக்ஸ்: சஹாரா மணற்பாலையைச் சேர்ந்தது. திருகிய கொம்பும் அகன்ற குளம்பும் உடையது. வறட்சியைத் தாங்கும், ஈரத்தோடு கூடிய குளிரைத் தாங்காது.

(3) டாமா கெஸல்: மெல்லிய காலும் நீண்ட கழுத்தும் உடையது. எடை 90 முதல் 165 ராத்தல். புல்லும் தழையும் தின்பது. எளிதில் மிரளும்.

(4) ஈலண்டு: இரலைகளுள் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 1,000 ராத்தலுக்கு மேல் நிற்கும். உக்ரேன் நாட்டிலுள்ள அஸ்கானியா நோவா என்னுமிடத்தில் 1890களிலிருந்து இதை வளர்த்து, பால் கறக்கவும் பழக்கினர்.

மேய்ச்சற் கணக்கு

பண்ணையின் வாழ்வும் வீழ்வும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன. 1,000 ராத்தல் எடையுள்ள ஒரு பசு தின்னும் அளவை ஒரு பங்கு என்று அங்கே வைத்துக்கொள்கிறார்கள். எட்வர்ட்ஸ் பீடபூமியில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 20 ஏக்கர் வேண்டும். அப்படியானால் 1,000 ஏக்கரில் 50 பங்கு மேயலாம். வெள்ளாடு ஆறு சேர்ந்தால் ஒரு பங்கு. ஓரிக்ஸின் எடை பசுவின் எடையில் மூன்றில் ஒரு பாகமளவே. ஆனால் சிறிய பிராணி தன் எடைக்குப் பெரியதைவிட அதிகம் தின்னும். ஆகையால் மூன்று ஓரிக்ஸ் ஒரு பங்கு என்று கொள்ளாமல், இரண்டரை என்று கொள்வதே நலம்.

உதாரணமாக, பசு 20க்கு 20 பங்கு. வெள்ளாடு 60க்கு 10 பங்கு. ஓரிக்ஸ் 25க்கு 10 பங்கு. தாமாக வந்து மேயும் நாட்டு மான் 60க்கு 10 பங்கு. கூட்டினால் 50 பங்கும் தீர்ந்துவிடுகின்றன. இன்னும் பத்து ஓரிக்ஸ் வாங்க விரும்புபவர் நான்கு பசுக்களையாவது 24 ஆடுகளையாவது விலக்க வேண்டும். விலக்காமல் வாங்கினால் அதற்கான விலையை மண் கொடுக்கும். நல்ல மழையுள்ள ஆண்டின் புல்லைப் பார்த்து மந்தையைப் பெருக்கியவர்கள், அடுத்த வறட்சியில் விலைக்கு வாங்கிய உலர்புல்லைக் கொட்டியும், மலிந்த விலைக்குப் பிராணிகளைத் தள்ளியும் நஷ்டமடைகின்றனர். எனவே தாங்கும் அளவில் முக்காற் பாகமே மேய்ப்பது விவேகிகளின் வழக்கம்.

கணக்கில் தழை தின்னும் பிராணிகளையும் புல் தின்னும் பிராணிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓரிக்ஸ் பசுவின் புல்லுக்குப் போட்டி. தழை மிகுதியாய்த் தின்னும் இரலைகள் வெள்ளாட்டுக்கும் நாட்டு மானுக்கும் போட்டி. அப்போட்டி எவ்வளவு கடுமையானது என்பதைக் கெர் வனவிலங்குப் பண்ணையில் 1971 முதல் 1979 வரை நடந்த பரிசோதனை காட்டிற்று. 96 ஏக்கர் அடைப்பில் ஆறு நாட்டு வெள்வால் மான்களையும், ஆறு சிக்கா மான்களையும் விட்டனர். சிக்கா, தழை தீர்ந்தபின் புல்லுக்கு மாறிப் பிழைத்து 60க்கு மேலாகப் பெருகிற்று. நாட்டு மான் ஒன்றும் மிஞ்சவில்லை. சிக்கா ஆசியாவைச் சேர்ந்த மானேயன்றி இரலையன்று. எனினும், இரண்டு வகைத் தீனியும் தின்னவல்ல எந்த அந்நியப் பிராணிக்கும் இப்பாடம் பொருந்தும்.

வேலியும் ஒதுங்கிடமும்

புறவேலி எட்டடி உயரம் கொண்ட பின்னல் கம்பி வலையாக இருத்தல் வழக்கம். உயரத்தையே நினைத்து அடிப்புறத்தைக் கவனியாமல் விடுவது தவறு. வெளிமானும் நீலகாயும் தாண்டுவதைவிட வேலிக்கடியில் நுழைந்து போவதையே விரும்பும். ஓடை குறுக்கிடும் இடமே வேலியின் பலவீனமான இடம். அங்கே வேலியை நிலையாக ஊன்றினால், திடீர் வெள்ளம் கொண்டுவரும் மரக்கட்டைகள் தேங்கி வேலியோடு சாய்த்துவிடும். ஆகையால் அந்தப் பகுதியை மட்டும் மேலே கட்டிய வடத்திலிருந்து தொங்கவிட்டு, வெள்ளத்தில் அசைந்து கொடுக்கும்படி அமைக்கிறார்கள். வெள்ளம் வடிந்தவுடன் முதலிற் பார்க்க வேண்டியதும் அவ்விடமே.

கொட்டில் வேண்டியதில்லை என்றாலும், வடகாற்றைத் தடுக்கும் மறைவும் மேற்கூரையுள்ள ஒதுங்கிடமும் வேண்டும். 2021 பிப்ரவரியில் வீசிய பெருங்குளிரிலும் பனியிலும் டெக்ஸாஸில் அந்நியப் பிராணிகள் ஏராளமாக மடிந்தன. வெப்ப நாட்டுப் பிராணியின் உடலில் கொழுப்புச் சேமிப்புக் குறைவு. வறண்ட குளிரைவிட, மழையில் நனைந்தபின் வீசும் குளிர்காற்றே அதைக் கொல்கிறது. குளிர்காலத் தொடக்கத்திலேயே உடல் இளைத்த பிராணிகளைப் பிரித்துத் தீனி கூட்டுவது அவசியம்.

இனவிருத்தி

பத்துப் பன்னிரண்டு பெண்ணுக்கு ஒரு பொலிகிடா போதும். ஒரே அடைப்பில் இரண்டு முதிர்ந்த கிடாக்களை விட்டால், கொம்பினாற் குத்திக்கொண்டு ஒன்று சாவது உண்டு. மிகையான ஆண்களைப் பருவம் வருமுன்னரே பிரித்துத் தனி அடைப்பில் விட வேண்டும்.

ஓரிக்ஸ் ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். ஈன்ற பின் விரைவில் மீண்டும் சினைப்படுவதால், நல்ல தீனி உள்ள மந்தையில் ஆண்டுக்கொரு கன்று எதிர்பார்க்கலாம். ஈன்ற தாய் முதல் சில நாட்கள் கன்றைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டுத் தான் தூரத்தில் மேயும். இதை அறியாதவர் கன்று கைவிடப்பட்டதென்று எண்ணித் தூக்கி வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யலாகாது. நாயை அப்பக்கம் விடவும் கூடாது.

சிறு மந்தையில் ஒரே கிடா பல ஆண்டுகள் நின்றால், தகப்பனே மகளோடு சேர நேரிட்டு, கன்றுகள் நோஞ்சானாகும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை வேறு மந்தையிலிருந்து கிடா மாற்ற வேண்டும். காதில் எண் பொறித்த தகடு இட்டு, பிறப்பு, தாய், தகப்பன், விற்பனை, சாவு ஆகியவற்றைப் புத்தகத்தில் பதிய வேண்டும். நெருங்கிய ஓரிக்ஸ் ஜாதிகள் கலந்து ஈனக்கூடியவை. ஆகையால் ஒரே அடைப்பில் இரண்டு ஓரிக்ஸ் ஜாதிகளை விடலாகாது. பெரும்பாலான பண்ணை மந்தைகளுக்கு வம்சாவளிப் பதிவு இல்லாமையே அவற்றின் பெருங்குறை. எண்ணிக்கையில் எவ்வளவு பெருகினும், வம்சம் தெரியாத மந்தையை ஜாதியைக் காக்கும் வித்தாக நம்பிக் கொள்வது கடினம்.

பிடித்தலும் கையாளுதலும்

மாட்டைப்போல ஓட்டிக் கட்டிப்பிடிக்க இரலை இடங்கொடாது. வெயிலில் நெடுந்தூரம் துரத்தப்பட்ட இரலை, பிடிபட்டபோது நலமாகத் தோன்றினும், தசைகள் வெந்ததுபோற் கெட்டுச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ விழுந்து சாகும். இதற்குப் பின்னாற் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை, முன்னெச்சரிக்கையே மருந்து. குளிர்ந்த விடியற்காலையில், கூச்சலின்றி, முன்பே தீனி வைத்துப் பழக்கிய பட்டியில் அடைப்பதே சிறந்தது. பட்டியின் சுவர்கள் வெளியே தெரியாதபடி பலகையடைத்திருக்க வேண்டும். இருள் இரலையை அமைதிப்படுத்தும். வண்டியில் ஏற்றும்போது கொம்பு நுனிகளில் ரப்பர்க் குழாய் செருகுவதால் ஒன்றையொன்று குத்திக்கொள்வது தடுக்கப்படும். மயக்க மருந்து நிறைத்த ஊசியை எய்து பிடிப்பதும் உண்டு. அம்மருந்துகளுட் சில மனிதனுக்குச் சிறு துளியிலும் பிராணாபாயம் விளைப்பவை. ஆதலால் மாட்டு வைத்தியர் ஒருவரே, மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கையாள வேண்டும்.

நோய்கள்

வயிற்றுப் புழு: ஆடு வளர்ப்போர் நன்கறிந்த, இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவே இரலைக்கும் பெரும் பகை. பாலைவனத்தில் மிக அகன்று மேய்ந்த அடாக்ஸும் ஓரிக்ஸும் டாமா கெஸலும் இப்புழுவை எதிர்க்கும் ஆற்றலில் குறைந்தவை. ஈரமான அடைப்பில் நெருங்கி மேய்ந்தால் சோகை, தாடை வீக்கம், மெலிவு கண்டு இறக்கும். ஒரே மருந்தை அடிக்கடி கொடுப்பதால் புழு அதற்குப் பழகிவிடுகிறது. சாணத்தில் முட்டையை எண்ணிப் பார்த்தே மருந்து கொடுக்க வேண்டும். அடைப்பை மாற்றி மேய்ப்பதும், புல்லை அடிவரை மேயவிடாமையும் மருந்திலும் மேலானவை.

அடைப்பான்: டெக்ஸாஸின் தென்மேற்கில் இதன் வித்து மண்ணிலேயே நெடுங்காலம் தங்கி, மழைக்குப்பின் வரும் கடும் வெயிலில் கிளம்பும். 2019 ஜூனில் யுவால்டே கவுண்டியில் அடைப்பிலிருந்த இரலை மந்தையிலேயே அவ்வாண்டு இந்நோய் முதலிற் கண்டது. பின்னர் மான், ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றுக்கும் பரவியிருக்கக் கண்டனர். திடீரென்று செத்துத் துவாரங்களில் கரிய இரத்தம் கசியும் பிணத்தை அறுக்கலாகாது, இழுத்துச் செல்லவும் கூடாது. கிடந்த இடத்திலேயே எரித்து, அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

வைல்ட்பீஸ்டால் வரும் சளிக்காய்ச்சல்: வைல்ட்பீஸ்ட் என்னும் ஆப்பிரிக்க இரலை ஒரு நோய்க்கிருமியைத் தனக்குத் தீங்கின்றிச் சுமந்து திரியும். அது கன்று ஈனும் காலத்தில் அருகிலுள்ள மாட்டுக்கு அந்நோய் தொற்றினால் மாடு பிழைப்பது அரிது. மாடு உள்ள பண்ணையில் இந்த ஜாதியைச் சேர்ப்பது தகாது.

எந்த ஜாதியாயினும், புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனித்து வைத்துச் சோதித்த பின்னரே மந்தையில் விட வேண்டும்.

வரவும் சட்டமும்

டெக்ஸாஸில் நாட்டு வெள்வால் மான் ராஜ்யத்தின் உடைமை. அந்நிய இரலையோ வேலிக்குள் வைத்திருப்பவனின் சொந்த உடைமை. வரவு மூன்று வழிகளில் வருகிறது: இனத்துக்காக உயிருடன் விற்பது, பணம் பெற்று வேட்டைக்கு விடுவது, இறைச்சி விற்பது. இவற்றுள் வேட்டையால் வருவதே மிகுதி. நிலவரிச் சலுகையோ, உணவு, தோல் முதலிய பொருளுக்காக வளர்ப்போருக்கு உண்டு. வேட்டைக்கென்றே வைத்திருப்பது அதற்குப் போதாது.

வேட்டையின் பேரிலேயே பெரிய வழக்கும் எழுந்தது. ஓரிக்ஸ், அடாக்ஸ், டாமா கெஸல் மூன்றையும் மத்திய சர்க்கார் 2005இல் அழியும் ஜாதிகளின் பட்டியலிற் சேர்த்தது. பண்ணையிற் பிறந்தவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. பிராணிப் பாதுகாப்புச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 2009இல் நீதிமன்றம் அவ்விலக்குச் செல்லாதென்றது. 2012 ஏப்ரல் முதல் ஒவ்வொரு வேட்டைக்கும் அனுமதி வேண்டுமென்றாயிற்று. உடமையாளர் சங்கம் எடுத்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில் ஓரிக்ஸ் 11,000க்கும், அடாக்ஸ் 5,000க்கும் மேல் இருந்தன. டாமா கெஸல் 900ஐ ஒட்டி இருந்தது. சட்டம் மாறவே பலர் மந்தைகளை விற்றுக் குறைத்தனர், விலையும் விழுந்தது. 2014 ஜனவரியில் காங்கிரஸ் சபை பழைய விலக்கை மீட்டளித்தது.

கொல்வதற்கென்று வளர்ப்பது பாதுகாப்பாகாது என்பது ஒரு சாராரின் வாதம். விலையில்லாத பிராணிக்கு எவரும் புல் விடமாட்டார் என்பது பண்ணைக்காரரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. வளைவாள் கொம்பு ஓரிக்ஸ் ஆப்பிரிக்கக் காட்டில் அற்றுவிட்டதென 2000இல் தீர்மானிக்கப்பட்டது. 2016இல் சாடு நாட்டின் ஊவாடி ரிமே–ஊவாடி அச்சிம் காப்பகத்தில் அது மீண்டும் விடப்பட்டது. அபுதாபி சர்க்கார் பல நாடுகளின் மிருகக்காட்சி சாலைகளிலிருந்தும் தனியார் மந்தைகளிலிருந்தும் திரட்டிய பிராணிகளே அதற்கு வித்து. அவை அங்கே ஈன்று பெருகவே, 2023இல் அந்த ஜாதி, காட்டில் அற்றது என்ற வகுப்பிலிருந்து அழியும் அபாயமுள்ளது என்ற வகுப்புக்கு மாற்றப்பட்டது. எண்ணிக்கையைக் காத்தவர் பலர். காட்டுக்குத் திரும்பும் தகுதியைக் காத்ததோ வம்சப் பதிவே.

நம்மவர் கவனத்துக்கு

இதைப் படித்துவிட்டு வெளிமானையோ வேறு காட்டுப் பிராணியையோ வளர்க்க எவரும் முற்படலாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அது குற்றம். வயலில் வெளிமான் புகுந்து சேதம் விளைத்தால் வன இலாகாவுக்கு அறிவிப்பதே முறை. கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஆனால் மாடும் ஆடும் வைத்திருப்போர்க்குக் கீழ்க்கண்டவை அப்படியே பொருந்தும்.

1. மந்தையின் தொகையை நல்ல மழை ஆண்டைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. குறைந்த மழை ஆண்டைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும்.

2. புதிய பிராணி வாங்குமுன், அதன் பங்குப் புல் எதனிடமிருந்து வரும் என்று கணக்கிட வேண்டும்.

3. வாங்கியதை ஒரு மாதம் தனியே கட்ட வேண்டும்.

4. புழு மருந்தைச் சாணப் பரிசோதனைக்குப் பின்னரே கொடுக்க வேண்டும்.

5. பொலிகாளையையும் பொலிகிடாவையும் காலத்தில் மாற்றி, ஈற்றுக் கணக்கை எழுதி வைக்க வேண்டும்.

6. அடைப்பான் என்று சந்தேகப்படும் பிணத்தைத் தோலுரிக்க எவரையும் விடாமல், உடனே கால்நடை வைத்தியருக்கும் கிராம அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.

பிராணி எந்நாட்டதாயினும், அதைத் தாங்குவது இறுதியில் புல்லும் அப்புல்லைத் தாங்கும் மண்ணுமே. அவ்விரண்டின் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்த்து வந்த குடும்பங்களுக்கே வறட்சி தீர்ந்த பின்னும் மந்தை மிஞ்சியது.